கல்வாழைப் பாத்தி

ஜெரோம் குந்தி உட்கார்ந்து ஓர் இலையைப் பறித்தான். வெயிலில் கருகும் இலை நுனியில்தான் தொடங்கும். இந்த இலை ஓரம் முழுக்க ஒரே சீராகக் கருகியிருந்தது. குளித்த தண்ணீரை வடிகட்டப் போட்ட பாத்தியில் இருபத்திரண்டு கல்வாழைகள் நட்டிருந்தான். பதினாறு செத்துவிட்டன. கடைசிக் குழாயில் வடிந்த தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைப் பேண்டில் துடைத்தான்.

பிரபாவதி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி நின்றாள். கல்பாக்கம் போகும் ஆபீஸ் பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“என்ன ஜெரோம்?”

“புரியல மேடம். நாலு மாசம் நல்லாதான இருந்துச்சு.”

“கிணத்துத் தண்ணியே நாறுதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“பாத்தி செத்துப் பூட்ச்சின்னா அழுக்கு நிக்காது மேடம். அப்டியே கீழ எறங்கும்.”

“ஏன் செத்துச்சு? அதைத்தான் கேக்கறேன்.”

ஜெரோம் கையிலிருந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அலைவாய் நகர் திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவே மணலில் எழுந்த மனைப்பிரிவு. மொத்தம் பத்தொன்பது வீடுகள், எல்லோருக்கும் ஒரே கிணறு. பாதாளச் சாக்கடை கிடையாது. கழிப்பறைத் தண்ணீர் அந்தந்த வீட்டுத் தொட்டிக்குப் போகும். குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் பக்கத்துக் காலி மனையில் தேங்கிக் கொசு வளர்க்கும். கோடையில் கிணறு அடிமட்டம் தட்டியதும் லாரியில் தண்ணீர் வரும்.

குளித்த தண்ணீரை ஏன் கொசுவுக்குக் கொடுக்க வேண்டும் என்று முதலில் கேட்டவள் பிரபாவதி. அவளுடைய வீடுதான் கிணற்றுக்கு மிக அருகில் இருந்தது. அந்த வீட்டில் வேலை செய்யும் பிரிசில்லா, தன் புருஷன் பிளம்பர் என்று சொல்லி ஜெரோமைக் கூட்டிவந்தாள். திருவிடந்தையில் ஜெரோமின் அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியவர். ஜெரோம் குழாய் வேலை கற்றுக்கொண்டான். ஒரு கட்டட வேலையில் மூன்று மாதம் இன்ஜினியர் ஒருவரோடு இருந்து, தண்ணீரைச் சல்லியிலும் செடியிலும் வடிகட்டும் முறையைப் பார்த்து வைத்திருந்தான்.

அன்று அவன் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துப் படம் போட்டான். பெருஞ்சல்லி, அதன்மேல் பொடிச்சல்லி, அடுப்புக்கரி, மணல், மேலே கல்வாழை.

“கக்கூஸ் லைன் தனி. அது டேங்க்குக்கு. குளிக்கிறது, தொவைக்கிறது, பாத்ரூம் தரை கழுவுறது எல்லாம் இந்த லைன். சல்லி மேல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க ஒட்டிகினு கீது மேடம். அழுக்க அதுங்கதான் துன்னும். மிச்சத்தச் செடி பாத்துக்கும். ஆசிட், பினாயில் மட்டும் உள்ள போவக் கூடாது. போச்சுன்னா எல்லாம் செத்துடும்.”

பிரபாவதியின் கணவர் சுப்புராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருப்பவர். “பிரமாதம்” என்றார். அடுப்படியில் பிரிசில்லா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்தி போட்டார்கள். ஷவரைக் கழற்றிவிட்டு வாளியும் மக்கும் வைத்தார்கள். கழிப்பறைக்குச் சிறியதும் பெரியதுமாக இரண்டு பொத்தான் வைத்த தொட்டி வந்தது. தரை கழுவப் பூந்திக்கொட்டைத் தூளும், எலுமிச்சைத் தோலை வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரும். வடிகட்டிய நீர் தோட்டத்துக்கும், மிஞ்சியது மண்ணுக்கும் போனது. அந்தக் கோடையில் அவர்கள் வீட்டுக்கு லாரித் தண்ணீர் வரவே இல்லை.

செய்தி பரவியது. சனிக்கிழமை தோறும் யாராவது பாத்ரூமைப் பார்க்க வந்தார்கள். படம் பிடித்தார்கள். மற்ற பதினெட்டு வீட்டுக்காரர்களும் தங்களுக்கும் போட்டுத்தரச் சொன்னார்கள். ஜெரோம் மேஸ்திரியிடம் பார்த்த வேலையை விட்டான். அவன் பெயரில் ஒரு வேலை வருவது அதுவே முதல் தடவை.

பிறகுதான் கல்வாழை கருகத் தொடங்கியது.

*

ஞாயிறு காலை பூங்காக் கொட்டகையில் கூட்டம். செயலாளர் கோதண்டராமன் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். பாட்டில் கைமாறிக் கைமாறிப் போனது. முகர்ந்தவர்கள் எல்லோரும் ஜெரோமைப் பார்த்தார்கள். அவன் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“இது நீ போட்ட ஃபில்டர்தானப்பா?” என்று கேட்டார் கோதண்டராமன்.

“ஆமா சார். ஆனா இன்னா ஆச்சின்னு நான் பாக்கணும். ஒரு வாரம் டைம் குடுங்க.”

“நீ பாத்ததெல்லாம் போதும். குழாய் மாட்டறவன்கிட்ட குழாய் வேலையைக் குடுக்கணும். விஞ்ஞானத்தைக் குடுத்தா இப்படித்தான்.”

யாரோ சிரித்தார்கள்.

ஜெரோம் சுப்புராமனைப் பார்த்தான். படம் போட்ட அன்று பிரமாதம் என்றவர். அவன் மகள் சிநேகாவின் கல்லூரி விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவர். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தான். சுப்புராமன் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கூட்டம் முடியும்வரை தேடினார்.

அடுத்த ஞாயிறு பாத்தியை உடைப்பது, குளியல் தண்ணீரைத் தெருவோர வாய்க்காலில் விடுவது என்று முடிவானது. வாய்க்கால் ஏரிக்குப் போகிறது. அது பலர் நினைவுக்கு வரவில்லை, வந்தவர்களும் பேசவில்லை. பதினெட்டு வீட்டு வேலையும் ரத்து.

கலையும்போது பிரபாவதி அவன் பக்கத்தில் வந்தாள்.

“நான் உங்களை நம்பினேன் ஜெரோம்.”

கோதண்டராமன் பேசியதை எல்லாம் அவன் தாங்கினான். இதைத் தாங்க முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தான்.

*

சனிக்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை பார்க்கப் போனான். சுப்புராமன் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். பிரபாவதி ஒன்றும் பேசாமல் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாத்தியைத்தான் இத்தனை நாளும் கிளறிக்கொண்டிருந்தான். அன்று பாத்ரூம் சுவரை ஒட்டிய சேம்பரின் மூடியைத் தூக்கினான். குளியல் தண்ணீர் முதலில் வந்து விழும் இடம் அதுதான். உள்ளே அவன் கையாலேயே சிமெண்ட் பூசி, தண்ணீர் வழுக்கிப் போகும்படி இழைத்துவிட்டிருந்தான்.

அந்தப் பூச்சு இல்லை. தரையில் சல்லி பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் மிச்ச சிமெண்ட் மஞ்சள் மணலாக உதிர்ந்தது.

பதினைந்து வருஷமாகக் குழாய் வேலை செய்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் சிமெண்டை இப்படித் தின்னாது. சோப்பும் தின்னாது. ஆசிட் தின்னும். அதுவும் ஒரு நாள் ஊற்றியதில்லை. வாரா வாரம் ஊற்றியது.

எழுந்தான். ‘மேடம்’ என்று கூப்பிட வாய் திறந்தான். அந்தக் கணத்தில்தான் அவனுக்கு அது உறைத்தது. இந்த பாத்ரூமைக் கழுவுவது யார்?

மூடியைப் பழையபடி போட்டான். கேட்டைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான்.

*

பிரிசில்லா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் வண்டியை நிறுத்திய விதத்திலேயே நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாய்யா, மூஞ்சி ஒரு மாரி கீது?”

“மேடம் வூட்டு பாத்ரூமுக்கு இன்னா ஊத்திக் கழுவுற?”

நெத்திலித் தலை ஒன்று அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“எலுமிச்சத் தண்ணிதான்.”

“வேற?”

அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

“வேற இன்னான்னு கேக்குறேன் பிரிசில்லா.”

“வெள்ளிக்கெழமை மட்டும் ஆசிட்டு. சார்தான் குடுப்பாரு. மேடம் பஸ் ஏறினப்பறம்.”

ஜெரோம் வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

“உப்புத் தண்ணியாச்சே, டைல்ஸ்ல வெள்ளையா கறை புடிச்சிகினு இருந்துச்சு. எலுமிச்சத் தண்ணிக்கு அது அசையல. சனிக்கெழமை பாக்க வர்றவங்க இன்னா நெனப்பாங்க, பளிச்சுன்னு இருக்கணும்னு சொன்னாரு. மேடத்துக்குத் தெரியவேணாம்னாரு.”

“ஆசிட்டு உள்ள போவக் கூடாதுன்னு நான் சொன்னது தெரியாதா உனுக்கு?”

இப்போது அவள் நிமிர்ந்தாள்.

“யார்கிட்ட சொன்ன?”

“இன்னாது?”

“யார்கிட்டய்யா சொன்ன? மேடத்துக்குச் சொன்ன. சாருக்குச் சொன்ன. மேசையில தாள் போட்டுப் படம் வரைஞ்சு காட்டின. நான் அங்கதான் பாத்திரம் தேச்சிகினு இருந்தேன். இந்தா பாரு பிரிசில்லா, நீ ஊத்துற தண்ணி இங்க போவுதுன்னு எனுக்கு ஒரு தபா காட்னியா? முன்ன வேற ஊர்ல நான் வேலை செஞ்ச வூட்லயெல்லாம் பாத்ரூம் தண்ணி டேங்க்குக்குப் போவும், சமையக்கட்டுத் தண்ணிதான் செடிக்குப் போவும். அங்கயும் அப்டித்தான்னு நெனச்சேன்.”

அவன் சொல்ல இருந்ததெல்லாம் அவள் சொன்னதில் தீர்ந்துபோயிருந்தது.

“செடி கருகுதேன்னு சாரைக் கேட்டேன். வெயிலுன்னாரு. படிச்சவரு. நம்பினேன்.”

“மீட்டிங்குக்கு அப்பறம்?”

“நீ வந்து சோறு துன்னாம படுத்தியே, அன்னிக்கு உறுத்துச்சு. நேத்து அவரு பாட்டில நீட்டினப்போ வேணாம் சார்னு சொல்ட்டேன். அவரு பேசாம எடுத்துகினு பூட்டாரு.”

“ஆறு நாளு. பக்கத்துலயே படுத்துகினு இருந்த. எனுக்கு ஏன் சொல்லல?”

பிரிசில்லா அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் எதிரில் நின்றாள்.

“சாரே சொல்லுவாருன்னு நெனச்சேன். நம்ம பொண்ணுக்கு ஃபாரம் எழுதிக் குடுத்தவரு. உன்னை அப்டி விட்ருவாருன்னு தோணல.”

ஜெரோமும் கூட்டத்தில் அப்படித்தான் நினைத்து நின்றான். அதை அவளிடம் சொல்லவில்லை.

*

ஞாயிறு காலை கோதண்டராமன் கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்தார். பத்துப் பதினைந்து பேர் பாத்தியைச் சுற்றி நின்றார்கள். ஜெரோமும் பிரிசில்லாவும் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

“ஒடைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துருங்க சார்” என்று ஜெரோம் சேம்பர் மூடியைத் தூக்கினான். “இது நான் பூசினது. ஆசிட் துன்னுக்கீது.”

கோதண்டராமன் எட்டிப் பார்த்தார்.

“கலவையில சிமெண்டைக் கொறைச்சிருப்ப. அதுக்கு ஆசிட்டுன்னு கதையா?”

“கலவை சரியில்லன்னா மேல இருந்து உதிரும் சார். இது தண்ணி ஓடுற எடத்துல மட்டும் போயிருக்கு. பாருங்க.”

ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார். பிரபாவதி முன்னால் வந்தாள்.

“எங்க வீட்டுல ஆசிட்டே கிடையாது ஜெரோம். பாத்தி போட்டப்பறம் வாங்கினதே இல்ல.”

ஜெரோம் சுப்புராமனைப் பார்த்தான். அவரே சொல்வதற்காக அவன் இரவெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தேடி வைத்திருந்தான்.

“சார், உங்களுக்கு எதுனா தெரிஞ்சா சொல்லுங்க.”

சுப்புராமன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்கென்னப்பா தெரியும்? பாத்ரூம் கழுவறது உன் பொண்டாட்டி. அவளைக் கேளு.”

கடப்பாரை வைத்திருந்தவர்கள்கூட அதைக் கீழே ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். கூட்டத்தில் அவர் மௌனமாக இருந்ததற்கு ஒரு வாரமாக ஜெரோம் ஏதேதோ சமாதானம் தேடியிருந்தான். பயந்திருப்பார், மனைவிக்கு முன்னால் கூச்சப்பட்டிருப்பார். இதற்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

பிரிசில்லா இரண்டடி முன்னால் வந்தாள்.

“நான்தான் ஊத்தினேன் மேடம்” என்றாள். “இந்தக் கையாலதான். எங்க போவுதுன்னு எனுக்குத் தெரியாது. ஆனா நான் வாங்கல. மோட்டார் ரூம்ல, உர மூட்டைக்குப் பின்னாடி கீது. போயிப் பாருங்க.”

“பிரிசில்லா” என்றார் சுப்புராமன்.

பிரபாவதி மோட்டார் அறைக்குள் போனாள். சாக்கு இழுபடும் சத்தம் கேட்டது. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. காலிப் பாட்டில்கள், அவற்றோடு நிறைந்த பாட்டில்கள் இரண்டு. மூன்று சக்கர வண்டியில் பினாயிலும் ஆசிட்டும் விற்றுக்கொண்டு வருபவரிடம் வாங்கிய, பெயர் ஒட்டாத பாட்டில்கள்.

பெட்டியைக் கணவரின் காலடியில் வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்னை பஸ் ஏத்திவிட்டுட்டு கை ஆட்டுவீங்களே.”

“பிரபா, எல்லார் முன்னாடியும் வேணாம்.”

“எல்லார் முன்னாடியும்தானே ஜெரோமை நிக்க வெச்சோம்.”

“ஒரு பாட்டில்ல என்ன ஆகப்போகுதுன்னு நெனச்சேன்” என்றார் சுப்புராமன். “வாராவாரம் ஆளுங்க வர்றாங்க, ஃபோட்டோ எடுக்கறாங்க. கறையோட காட்டச் சொல்றியா? உன் பேருதானே கெட்டுப்போகும்?”

“காட்டறதுக்காகவா கட்டினோம்?”

பிரபாவதி ஜெரோம் பக்கம் திரும்பினாள். நம்பினேன் என்று சொன்னவள் இப்போது கைகளைக் கூப்பினாள்.

“அதெல்லாம் வேணாம் மேடம்” என்றான் ஜெரோம். பிறகு சுப்புராமனைப் பார்த்துப் பேசினான். சத்தம் போடவில்லை.

“ஆசிட் ஊத்தினதுகூடப் பரவால்ல சார். கறை போவணும்னு ஊத்தினீங்க. அன்னிக்கு அந்த ஷெட்டுல நான் நின்னுகினு இருந்தேன், நீங்க செல்போனப் பாத்துகினு இருந்தீங்க. இன்னிக்கு இவ தலையில தூக்கி வெச்சீங்க. இத எந்தச் சல்லி போட்டு சார் வடிகட்டறது?”

சுப்புராமன் தரையைப் பார்த்தார்.

கோதண்டராமன் கடப்பாரை ஆட்களைப் போகச் சொன்னார். குழாய் மாட்டறவன் என்று சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “சரி, இப்ப இதை என்னப்பா பண்றது?” என்று மட்டும் கேட்டார்.

“சல்லிய எடுத்துக் கழுவி, திரும்ப அடுக்கி, புதுச் செடி நடணும் சார். ரெண்டு மூணு மாசத்துல பூச்சிங்க வந்துடும். கெணத்த எறைக்கணும்.”

“அப்போ எங்க வீடுங்களுக்கு?”

ஜெரோம் உடனே தலையாட்டவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் ஆட்டியிருப்பான்.

“போட்டுத் தரேன். ஆனா பைப்பு போடறதுக்கு முன்னாடி நான் ஒருதபா சொல்லித் தருவேன். ஓனருக்கு மட்டும் இல்ல. அந்தந்த வூட்டு பாத்ரூமக் கழுவுறவங்களும் வந்து நாற்காலியில ஒக்காரணும். போன தபா நான் பண்ண தப்பு அது. பிரஷ்ஷு யார் கையில கீதோ அவங்களுக்குச் சொல்லாம, மேசைக்குச் சொல்ட்டுப் பூட்டேன்.”

பிரிசில்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கியது. சுப்புராமன் குனிந்து அட்டைப்பெட்டியைத் தூக்கினார். மோட்டார் அறைப் பக்கம் இரண்டடி வைத்தார், நின்றார். கேட்டுப் பக்கம் திரும்பினார். வெளியே தெருவோர வாய்க்கால் தெரிந்தது. மறுபடி நின்றார். நிறைந்த பாட்டில்கள் பெட்டிக்குள் அசைந்தன.

“இது ரெண்டு பாட்டில் மிச்சம் இருக்கு” என்றார் யாரையும் பார்க்காமல். “இதை எங்க கொட்டறது?”

பிரபாவதி அதற்குள் உள்ளே போய்விட்டாள். பிரிசில்லாதான் சொன்னாள்.

“பாத்ரூம்ல ஊத்தினாலும் வாய்க்கால்ல ஊத்தினாலும் மண்ணுலதான் சார் எறங்கும். மண்ணுலேர்ந்து கெணத்துக்கு வரும். கெணத்துலேர்ந்து நீங்களும் குடிப்பீங்க, வேலைக்கு வர்ற நாங்களும் குடிப்போம். கொட்டறதுக்குன்னு ஒரு எடமே கெடையாது. வாங்காம இருக்கணும், அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஜெரோம் வண்டியை உதைத்துக் கிளப்பினான். சுப்புராமன் பெட்டியைக் கீழே வைக்கவும் இடம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.